இரைச்சல் கேசட்டை ஒழுங்காகக் கேட்பது எப்படி? மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"தம்பி, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. டேங்க் நிரம்பி வழியப் போகுது, போய்ப் பாருங்க."

கோத்தகிரிக்குக் குடிவந்த புதிதில் கீழ்வீட்டு அண்ணன் படியேறி வந்து சொன்னார். மோட்டார் ஓடவில்லை. ஓடியது ஒரு கேசட். தாளம், ராகம், வார்த்தை எதுவும் கிடையாது. பக்கத்துக்கு 30 நிமிடம் ஒரே கொந்தளிப்பு. ஹார்ஷ் நாய்ஸ் என்பார்கள். "இது மியூசிக்ண்ணா" என்று சொல்லும் தைரியம் அன்றைக்கு வரவில்லை. "இதோ ஆஃப் பண்ணிடறேண்ணா" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

அந்த அண்ணன் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இந்த வழிகாட்டியில் பாதி அவரிடம் கற்றது. மீதி நான் கெடுத்துக்கொண்ட கேசட்டுகளிடமிருந்து.

இரைச்சல் கேசட் கேட்பவர் எல்லாருக்கும் ஒரு பொதுச் சிக்கல் உண்டு. பாட்டுக் கேசட்டில் கோளாறு இருந்தால் காது உடனே சொல்லிவிடும். குரல் இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மங்கினால் நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்கு. இரைச்சல் கேசட்டில் எந்தக் கோளாறும் கலையின் பகுதியாக வேஷம் போட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். எது அதைச் செய்தவருடைய இரைச்சல், எது என் மிஷினுடைய இரைச்சல் என்று பிரித்தறிவதுதான் இதில் பாதி வேலை. ஈரமும் மூடுபனியும் உள்ள நம் ஊரில் பாதிக்கும் மேல்.

முதலில், இது என்ன சரக்கு?

இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இலேயே தொழிற்சாலைச் சத்தமும் இசைக்குரிய பொருள்தான் என்று ஓர் அறிக்கை எழுதி, உறுமவும் சீறவும் தெரிந்த பெட்டிகளைச் செய்தார். ஆனால் நாம் கேட்கப்போகும் வகைக்கு முக்கியமான ஊர் ஜப்பான், முக்கியமான காலம் 1970களின் கடைசி. டோக்கியோவில் மசாமி அகிதா 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் தொடங்கினார். ஒசாகா, கியோட்டோ இருக்கும் கான்சாய் பக்கம் ஹிஜோகைதான் என்ற குழு 1979இல் கிளம்பியது. அதே வட்டத்திலிருந்து 1981இல் இன்கபாசிடன்ட்ஸ் வந்தது. அதன் தோஷிஜி மிகாவா பகலில் வங்கி வேலை பார்த்தவர். இதை நான் வீட்டில் அடிக்கடி சொல்வேன், என்னைப் பற்றிய கவலை குறையட்டும் என்று.

செய்முறை பெரும்பாலும் இப்படித்தான்: தகரம், சுருள்கம்பி, பழைய இரும்பு எதிலாவது, அதிர்வை நேராகப் பிடிக்கும் ஒட்டுமைக் ஒன்றை வைப்பது; அதைச் சத்தத்தைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடல்கள் வழியாகத் தாறுமாறாக ஏற்றுவது; மிக்சரின் அவுட்புட்டை அதன் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுத்து அது தானே கத்தும்படி விடுவது. சிலர் அலையலையாக மாற்றிக்கொண்டே போவார்கள். வேறு சிலர் சுவர் எழுப்பினாற்போல் அரைமணி நேரம் அசையாமல் ஒரே சத்தத்தை நிறுத்துவார்கள். இதற்கு வால் நாய்ஸ் என்றே பெயர். கனடாவின் 'தி ரீட்டா', பிரான்ஸின் 'வோமிர்' இந்த வகையில் பெயர் பெற்றவர்கள்.

ஏன் கேசட்? வீட்டிலேயே 20, 30 பிரதி எடுத்து, அட்டையை ஸெராக்ஸ் போட்டு, தபாலில் அனுப்பிவிடலாம். அகிதாவின் ஆரம்பகாலக் கேசட்டுகள் அப்படித்தான் ஊர்சுற்றின. அமெரிக்காவின் லோவல் நகரத்து ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் ஒரு படி மேலே போய், யாரோ வாங்கிக் கேட்டு ஓய்ந்த பாப் கேசட்டுகளின் மேலேயே இரைச்சலைப் பதிந்து, பழைய படத்தின் மீது டக்ட் டேப்பை ஒட்டி விற்றது. நமக்கு இது புதிதில்லை. பக்திப்பாடல் கேசட்டின் தலையில் உடைந்த இரண்டு ஓட்டையையும் செல்லோடேப் ஒட்டி அடைத்து, மேலே சினிமாப்பாட்டு ஏற்றாத வீடு எது?

படி 1: மிஷின்

முதலில் உங்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள். மலையில் நிறைய வீடுகளில், ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக உள்ள ஒரு டூ-இன்-ஒன் துணி சுற்றிக் கிடக்கும். இல்லாவிட்டால் கீழே இறங்கி, கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பார்க்கலாம். வாங்கும்போது ஒரு பாட்டுக் கேசட் கையில் கொண்டுபோங்கள். இரைச்சல் கேசட்டைப் போட்டு மிஷினைச் சோதிப்பது, கண்ணை மூடிக்கொண்டு சேலை நிறம் பார்ப்பது போல.

டூ-இன்-ஒன் போதும். டெக் இருந்தால் நல்லது. வாக்மேன் கடைசியில். பெல்ட் பற்றி மட்டும் எச்சரிக்கை: பல வருஷம் ஓடாமல் ஈரத்தில் கிடந்த மிஷினில் ரப்பர் பெல்ட் உருகித் தாராகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, கப்பியைத் துடைத்துப் புது பெல்ட் போடாமல் பிளே பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

படி 2: துடைப்பது

மெடிக்கல் ஷாப்பில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள், 99 சதவீதம். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். காது துடைக்கும் பட்ஸில் தொட்டு, ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புக் கம்பியையும் பழுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்தக் கம்பிக்கு கேப்ஸ்டன் என்று பெயர்; நாடாவின் வேகம் அதன் கையில். அதை அழுத்தும் ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து விரிசல் விடும். ஒரு சொட்டு சோப்புத்தண்ணீர், பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு நன்றாக உலரவிடுதல். பத்துப் பன்னிரண்டு கேசட்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். பூஞ்சை பிடித்த கேசட் ஓடியிருந்தால் அன்றைக்கே.

படி 3: வெறும் கேசட் சோதனை

ஒன்றும் பதியாத கேசட் ஒன்றைப் போடுங்கள். வால்யூமை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வையுங்கள். இப்போது கேட்பதெல்லாம் உங்கள் மிஷினின் சொந்தச் சொத்து. ஸ்ஸ்ஸ் என்பது நாடாவுடையது, அது எல்லாரிடமும் இருக்கும். ம்ம்ம் என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் கரண்டுடையது. அதற்குமேல் ஒரு ரம்பச் சத்தம் இருந்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டும் நாட்களில் இது கட்டாயம் வரும். பேட்டரி கட்டை போட்டு அதே கேசட்டை ஓட்டிப் பாருங்கள். ரம்பம் காணாமல் போனால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. நான் ஒரு முழு மழைக்காலம், ஒரு கேசட்டின் அடித்தளத்தில் ஓடும் அந்த 'அற்புதமான' ரீங்காரத்தை ரசித்திருக்கிறேன். அது எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்.

படி 4: தெரிந்த பாட்டு

அடுத்து மனப்பாடமான ஒரு பாட்டு. வீணையோ புல்லாங்குழலோ நீளமாக ஒரு சுரத்தில் நிற்கும் இடம் இருந்தால் நல்லது. சுரம் நடுங்குகிறதா, இழுக்கிறதா என்று கவனியுங்கள். நடுக்கம் இருந்தால் அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையே காரணத்தைச் சொல்லும்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் போகிறது. ரப்பர் ரோலரின் சுற்றளவு ஏறக்குறைய 4 செ.மீ. ஆகவே ரோலரில் ஒரு பள்ளமோ மேடோ இருந்தால் நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாக இடிக்கும். கேப்ஸ்டன் கம்பி மெல்லியது, அதில் அழுக்கு ஒட்டியிருந்தால் நொடிக்கு ஆறேழு தடவை நடுங்கும். 'தட்... தட்...' என்ற சத்தத்தின் இடைவெளி பக்கத்தின் ஆரம்பத்தில் ஒரு மாதிரியும் முடிவில் வேறு மாதிரியும் இருந்தால் தப்பு மிஷினில் இல்லை, கேசட்டுக்குள் சுருளில் இருக்கிறது. சுருள் பெருக்கப் பெருக்கச் சுற்று மெதுவாகும், சிறுக்கச் சிறுக்க வேகமாகும், அதனால்தான் இடைவெளி மாறுகிறது.

இதை எனக்குச் சொல்லித்தந்தது புத்தகமல்ல, கீழ்வீட்டு அண்ணன். கதையை ஏழாம் படியில் சொல்கிறேன்.

படி 5: ஹெட்டின் சாய்வு

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

ஹெட்டில் ஒரு மெல்லிய பிளவு இருக்கிறது. அது நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மேல் ஒலிகள் செத்துவிடும். கணக்குப் பாருங்கள்: 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான்தான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிளவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால் ஒன்றை ஒன்று அடித்து அந்த ஒலியே கேட்காமல் போகும்.

ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கும். அதில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதுதான் சாய்வைத் திருத்துவது. கம்பெனியில் அதன் தலையில் ஒரு பொட்டுப் பெயின்ட் வைத்திருப்பார்கள். நிறைய டூ-இன்-ஒன்களில் கேசட் மூடிக்குக் கீழே ஒரு குட்டி ஓட்டை இருக்கும். பிளே அமுக்கியபின் ஸ்குரூடிரைவர் நேராக அந்த ஸ்குரூவில் போய் உட்காரத்தான் அது.

திருகும் முன் ஸ்குரூ இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துவிடுங்கள். மோனோ பட்டன் இருந்தால் அமுக்குங்கள். சாய்வின் தப்பு மோனோவில் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு ஸ்குரூவைக் கால் சுற்றுக்குள் மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சத்தம் எங்கே மிகக் கூர்மையாகத் திறக்கிறதோ அங்கே விடுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. இந்த வேலைக்குப் பாட்டைவிட இரைச்சல் நல்லது. பாட்டில் மேல் ஒலி ஜால்ரா அடிக்கும்போதுதான் வரும். இரைச்சலில் எல்லா ஒலியும் எப்போதும் இருக்கிறது. திருகத் திருக, ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்த மாதிரி தெரியும்.

நான் இதைத் தாமதமாகக் கற்றேன். என்னிடம் ஒரு சி-60, அதாவது 60 நிமிடக் கேசட், இருந்தது. மூன்று மாதம் அதைக் கேட்டு, ஆழமான, மெத்தென்ற, கடலடியில் ஏதோ நகர்வது போன்ற படைப்பு என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி சும்மா ஸ்குரூவைத் தொட்டேன். கடலடி மறைந்தது. அங்கே தகரம் அறுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. கண்ணாடிச் சில்லும் தீப்பொறியுமாக, முகத்துக்கு நேராக. மூன்று மாதமும் நான் கேட்டது என் டூ-இன்-ஒன்னின் கோணல் தலையை. இதில் எனக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு: அந்தக் கடலடியும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் மறக்கக்கூடாது. வீட்டில் பிரதி எடுத்த கேசட்டுகள், எடுத்த மிஷினின் சாய்விலேயே பதிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கலாம். கேட்டு முடித்ததும் ஸ்குரூவைக் குறித்த இடத்துக்கே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் அம்மா போடும் கந்தன் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும்.

படி 6: ஈரமும் பூஞ்சையும்

நான் பிறந்து வளர்ந்தது சேரம்பாடிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஜூன், ஜூலை மழையில் அங்கே பெல்ட், செருப்பு, போட்டோ ஆல்பம் எல்லாவற்றிலும் வெள்ளை பூக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அந்தக் கொடுமை அக்டோபர், நவம்பரில். கொடைக்கானல்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான்.

கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்போ பழுப்போ வழவழவென்று இருக்க வேண்டும். பவுடர் தூவியது போலவோ நூல் படர்ந்தது போலவோ வெள்ளை தெரிந்தால் அந்தக் கேசட்டை மிஷினில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் போகும். கேட்கும்போது சத்தம் விட்டுவிட்டு வரும். நீங்களோ "அடடா, என்ன ஒரு வெட்டு" என்பீர்கள்.

செய்யவேண்டியது: அந்தக் கேசட்டைத் தனியாக ஒரு மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் போடுங்கள். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, சுருளைக் கலைக்காமல் விளிம்பை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வேறு நல்ல ஓட்டுக்குள் மாற்றி மூடுங்கள். முதல் ஓட்டம் நல்ல மிஷினில் வேண்டாம். இதற்கென்றே ஒரு பலி மிஷின் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்குரூ இல்லாமல் ஒட்டி மூடிய கேசட் என்றால் பிளேடு வைத்து நெம்ப வேண்டும். அது பொறுமைக்காரர்கள் வேலை, நான் இரண்டை உடைத்திருக்கிறேன்.

வெயிலில் காயப்போடாதீர்கள். எங்கள் அம்மா ஒருமுறை நல்ல எண்ணத்தில் என் ஆறு கேசட்டை வடகத்தோடு மாடியில் வைத்தார். ஓடு வளைந்து, சுருள் சுற்றாமல், வடகம் மட்டும் நன்றாக வந்தது.

பனித்துளி விஷயமும் உண்டு. குளிர்ந்த மிஷினும் கேசட்டும் திடீரென்று வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு வந்தால் இரும்பில் நீர் பூக்கும். ராத்திரி ஊட்டியில் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பையிலிருந்து எடுத்து ஓட்டினால், நாடா கேப்ஸ்டனில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுங்கள், டீ குடியுங்கள்.

வைக்கும் இடம்: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கேசட்டுகள் புத்தகம் போல நின்றபடி. ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். பக்கம் முழுதாக ஓடி முடிந்த நிலையில் வைப்பது நல்லது. வேகமாக ரீவைண்ட் செய்து வைத்தால் சுருள் மேடும் பள்ளமுமாக இருக்கும். தளர்ந்திருந்தால் இருக்கவே இருக்கிறது ஆறு பட்டை நடராஜ் பென்சில்.

படி 7: இப்போது காது

கேட்க ஆரம்பிக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, முழுச் சத்தத்தையும் ஒரே வாயில் விழுங்கப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் தலைவலியோடு எழுந்துவிடுவார்கள்.

ஒருநாள் அண்ணன் கேஸ் சிலிண்டர் தூக்க உதவி செய்ய மேலே வந்தவர், ஓடிக்கொண்டிருந்த கேசட்டைக் கேட்டு நின்றார். நிறுத்தப் போனேன். "இருங்க தம்பி" என்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "இது என்ன மிஷின்னு தெரியல. ஆனா எங்கயோ ஒரு உருளை தேஞ்சிருக்கு. சுத்துக்கு ஒரு தடவை இடிக்குது" என்றார். நான் இடி எதையும் கேட்டதே இல்லை. பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஒரு தடவை, லேசாக, ரப்பர் ரோலர் இடித்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதில் பள்ளம் விழுந்திருந்தது.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

"சி.டி.சி. பக்கத்துல நின்னா எல்லாம் ஒரே கூப்பாடுதான். மொத்தமா கேட்டா ஒண்ணும் தெரியாது. முதல்ல அடி சத்தத்தைப் பிடிக்கணும், மோட்டார். அதை ஒதுக்கி வெச்சிட்டு ரோலர். அதையும் ஒதுக்கணும். அப்புறம் என்ன மிச்சம் இருக்கோ அதுதான் கம்ப்ளைன்ட்."

சி.டி.சி. மிஷினில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில். நடுவில் அகப்படும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழும். அந்த அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக் காதோடு வாய் வைத்துத்தான் பேசமுடியும். அங்கே இருபது வருஷம் நின்றவரின் முறையை நான் அப்படியே கேசட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை கேட்கும்போது அடி ஒலியை மட்டும் பிடியுங்கள். வயிற்றில் தெரிவது, மேஜையில் அதிர்வது. அது நிற்கிறதா, நகர்கிறதா, திடீரென்று காணாமல் போகிறதா? அதிலேயே ஐந்து நிமிடம் இருங்கள். பிறகு மேலே போங்கள், சீறல், கீச்சு, தகரம். அது எங்கே அடி ஒலியோடு சேர்ந்து மாறுகிறது, எங்கே தன்பாட்டுக்குப் போகிறது? கடைசியாக நடு. கடினமானது நடுதான். ஒட்டுமைக்கில் கை உரசுவது, பெடலைக் காலால் மிதிப்பது போன்ற மனிதச் செயல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். "இந்த இடத்தில் அவர் எதையோ திருகினார்" என்று முதன்முதலாகத் தெரியும் நொடியில் இது உங்களுக்குப் பிடித்துப்போகும், அல்லது எப்போதும் பிடிக்காது என்று உறுதியாகும். இரண்டும் சரிதான்.

பத்து நிமிடம் தாண்டியதும் இல்லாத பாட்டெல்லாம் கேட்கும். யாரோ கூப்பிடுவது போல, தூரத்தில் நாதஸ்வரம் வாசிப்பது போல. பயப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கற்ற சத்தத்தில் மூளை தனக்குத் தெரிந்ததைத் தேடி எடுத்து நீட்டும் பழக்கம் அது. காத்தரின் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மேலே பதிந்து எடுத்த பழைய கேசட் என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். சரியாக அழியாத பழைய பாட்டு நிஜமாகவே அடியில் முனகும்.

வால் நாய்ஸ் என்றால் இந்த அடுக்கு முறை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் எதுவும் மாறாது. அதற்கு மூடுபனி பார்க்கிற பொறுமை வேண்டும். நான் வேலை செய்துகொண்டே கேட்கிறேன்.

எதில் ஆரம்பிப்பது? சி-10, சி-20 போன்ற குட்டிக் கேசட்டுகளில். சி-90 வேண்டாம். நாடா மெலிது, எளிதில் சுற்றிக்கொள்ளும், காதும் தாங்காது. காதைப் பழக்கக் காசு செலவில்லாத இடங்களும் உண்டு: மலை ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறும் பகுதி, ஜன்னலோரம், கண்ணை மூடிக்கொண்டு. அல்லது தகரக் கூரைக்குக் கீழே ஒரு நல்ல மழை.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கப் போகாதீர்கள். காட்டெருமை ஹாரன் அடித்துவிட்டு வராது.

படி 8: எவ்வளவு சத்தம்

இந்த இசையை உடம்பு அதிரக் கேட்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

வேலையிடங்களுக்கான கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், அதாவது ஒரு முழு சி-60. 100இல் கால் மணி, ஒரு பக்கத்தில் பாதி. பாட்டில் சத்தம் ஏறி இறங்கும், நடுநடுவே காதுக்கு மூச்சு கிடைக்கும். இரைச்சலில் எப்போதும் உச்சிதான். அதே காரணத்தால் ஸ்பீக்கரும் சாகும், முதலில் மேல் ஒலிக்கான சின்ன ட்வீட்டர். பாட்டுக்கு வைக்கும் வால்யூமில் பாதியில் தொடங்குங்கள். கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அளவு தாண்டிவிட்டது. கேட்டு முடித்தபின் காதில் ஙொய்ய் என்றால் அன்றைக்குப் போதும், அடுத்த நாளும் வேண்டாம். எங்கள் அண்ணனுக்கு ஒரு காது இப்போது மந்தம். நல்ல காதால் கேட்கத்தான் அன்று தலையைச் சாய்த்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படி 9: இரண்டு பட்டன்கள்

டால்பி (நாடாவின் ஸ்ஸ்ஸைக் குறைப்பது): கேசட் அட்டையில் போட்டிருந்தால் ஒழிய ஆஃப். ஆன் செய்தால் ஸ்ஸ்ஸோடு சேர்த்துச் சரக்கின் மேல் ஒலியையும் வழித்துவிடும். குரோம் பட்டன்: குரோம் கேசட்டுக்கு மட்டும். இரைச்சல் கேசட்டுகளில் இதையெல்லாம் மாற்றிப் போட்டுக் கேட்டு "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று முடிவுக்கு வருபவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்கு உரிமையில்லை, கடலடி கேசட்டை ரசித்தவன் நான்.

படி 10: நீங்களே ஒன்று

கொஞ்ச நாளில் கை அரிக்கும். டூ-இன்-ஒன்னிலேயே மைக் இருக்கிறது, வெறும் கேசட் போட்டு ரெக்கார்டை அமுக்க வேண்டியதுதான். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த மிஷின்களில் சத்தத்தின் அளவை அதுவே சரிசெய்யும் சர்க்யூட் இருக்கும். பெரிய சத்தம் வந்தால் எல்லாவற்றையும் அமுக்கும், ஓய்ந்ததும் மெல்ல மேலே தூக்கும், மூச்சு விடுவது போல. சுத்தமான பதிவு வேண்டுபவர்களுக்கு அது தலைவலி. நமக்கு அது ஓர் இலவச பெடல். நாடா தாங்காத அளவு ஏற்றினால் மேல் ஒலிதான் முதலில் கருகும். இந்த வகைக் கேசட்டுகளில் நாம் கேட்கும் தடிமனான, நசுங்கின சத்தத்தில் பாதி அதனால் வருவது.

போன வருஷம் ஜூலையில் சேரம்பாடி வீட்டுக்குப் போனபோது, தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, துணி காயப்போடும் கொடியில் டூ-இன்-ஒன்னைக் கட்டித் தொங்கவிட்டு, மழையை ஒரு பக்கம் முழுக்கப் பதிந்தேன். சர்க்யூட் மூச்சுவிட்டது, நாடா கருகியது, மழை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கோத்தகிரி வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, டீ ஆறும்வரை கேட்டார். பட்டன் டக்கென்று மேலே வந்தது.

"மழை விட்டுடுச்சா தம்பி," என்றார், "இல்ல கேசட்டு முடிஞ்சிடுச்சா?"

கேசட்தான் முடிந்திருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது.